கஸ்தூரிபாய் கேட்ட கணக்கு

சென்ற வருடம் பேச்சுப் போட்டியில் எனக்குக் கிடைத்த தலைப்பு "மகாத்மாவின் பின்னால் நின்ற மங்கை". ஐந்து நிமிடப் பேச்சு. கஸ்தூரிபாயை மெழுகுவர்த்தி என்றேன், சந்தனக் கட்டை என்றேன், ஆலமரத்தின் வேர் என்றேன். ஒவ்வோர் ஆணின் வெற்றிக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடித்தபோது மண்டபத்தில் நல்ல கைதட்டல். இரண்டாமிடம் கிடைத்தது. சான்றிதழை உம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்.

அந்தப் பேச்சில் பாதியை இப்போது திருப்பி எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பேசி முடித்த பிறகுதான் நான் "சத்திய சோதனை"யை நூலகத்திலிருந்து எடுத்து வாசித்தேன். போட்டிக்குப் பிறகு புத்தகம் வாசிப்பது தலைகீழான வேலைதான். எங்களில் பலர் அதைக்கூடச் செய்வதில்லை என்பதால் ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அந்தப் புத்தகத்தில் மெழுகுவர்த்தி இல்லை. வாய்விட்டுப் பேசுகிற, மறுக்கிற, சில வேளைகளில் பிழையும் விடுகிற ஒரு பெண் இருந்தார். நான் மேடையில் வர்ணித்த பெண்ணை எங்கும் காணவில்லை.

கஸ்தூரிபாய் 1869இல் குஜராத்தின் போர்பந்தரில் ஒரு வணிகரின் மகளாகப் பிறந்தார். கணவரை விடச் சில மாதங்கள் மூத்தவர். 13 வயதில் திருமணம். எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்தச் சின்னக் கணவருக்கோ தானே எஜமான் என்ற எண்ணம். தன் அனுமதியில்லாமல் மனைவி எங்கும் போகக்கூடாது என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தை மனைவி கணக்கில் எடுக்கவேயில்லை. போக நினைத்தபோது போனார், வர நினைத்தபோது வந்தார். காந்தியே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஒரு பேரரசின் சட்டங்களை அமைதியாக மீறக் கற்பித்தவர், அப்படி ஒரு மீறலை முதலில் தன் வீட்டில்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, யோசிக்கவும் வைத்தது.

1893இல் தாதா அப்துல்லாவின் வணிக நிறுவனம் ஒரு வழக்குக்காகக் காந்தியைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்தது. குடும்பம் பின்னர் போனது. 1897 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது வெள்ளையர் கூட்டமொன்று காந்தியை அடித்து நொறுக்கியது. அப்போது கஸ்தூரிபாய் கர்ப்பிணி. கூடவே இரண்டு பிள்ளைகள். தெரியாத நாடு, விளங்காத மொழி. பார்ஸி ருஸ்தம்ஜி என்ற நண்பரின் வீட்டில் கணவரின் உயிருக்காகக் காத்திருந்தார். வரலாற்றுப் புத்தகத்தில் அந்த நாள் காந்தி தாக்கப்பட்ட நாள். அந்த வீட்டுக்குள் இருந்தவருக்கு அது என்ன நாளாக இருந்திருக்கும் என்று எங்களிடம் யாரும் வினாத்தாளில் கேட்பதில்லை.

டர்பன் வீட்டில் காந்தியின் எழுதுவினைஞர்களும் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். அறைகளில் வைக்கப்படும் சிறுநீர்ப் பாத்திரங்களைக் கணவனும் மனைவியும் சுத்தம் செய்ய வேண்டும் என்பது காந்தி வைத்த ஒழுங்கு. புதிதாக வந்தவர் தாழ்த்தப்பட்ட பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய பாத்திரத்தை எடுக்கக் கஸ்தூரிபாயின் மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்தார். எடுத்தால் போதாது, சிரித்த முகத்தோடு எடுக்க வேண்டும் என்றார் கணவர். அப்படியானால் உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போகவிடுங்கள் என்றார் அவர். காந்தி அவருடைய கையைப் பிடித்து இழுத்து வாசற்கதவு வரை கொண்டுபோனார். உங்களுக்கு வெட்கமில்லையா, இந்த நாட்டில் எனக்குத் தாய் தகப்பன் யார் இருக்கிறார்கள், நான் எங்கே போவேன் என்று அவர் அழுதபடி கேட்டார். யாராவது பார்ப்பதற்கு முன் கதவைச் சாத்துங்கள் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் பக்கச்சார்பாக எழுதக் கூடாது. சாதியைப் பற்றிய விடயத்தில் காந்தி சரி, கஸ்தூரிபாய் பிழை. பிறப்பைப் பார்த்து மனிதரை அருவருப்பது அவர் வளர்ந்த சூழல் கொடுத்த நோய். அது முழுதாகக் குணமாக நீண்ட காலம் எடுத்தது. 1915இல் அகமதாபாத் ஆச்சிரமத்தில் ஒரு தீண்டப்படாத குடும்பத்தைச் சேர்த்தபோதும் அவர் எதிர்த்தார். பின்னர் அதே குடும்பத்தின் சிறுமி லக்ஷ்மி அவர்களுடைய வளர்ப்பு மகளானாள். ஆனால் சரியான கருத்து கையில் இருக்கிறது என்பதற்காக மனைவியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகலாமா? பேச்சுப் போட்டியில் இந்தச் சம்பவத்தை நான் "கணவரின் இலட்சியத்துக்காகத் தன்னை மாற்றிக்கொண்டார்" என்று ஒரே வசனத்தில் முடித்திருந்தேன். கதவு வரை நடந்ததை நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது தெரியவும் தெரியாது.

நான் எழுத வந்த விடயம் சங்கிலிதான்.

1901இல் குடும்பம் இந்தியா திரும்பத் தயாரானபோது நேட்டால் இந்தியர்கள் பிரிவுபசாரப் பரிசுகளை அள்ளிக் கொடுத்தார்கள். தங்கம், வெள்ளி, வைரம் எல்லாம் இருந்தன. அவற்றுள் 50 கினி பெறுமதியான ஒரு தங்கச் சங்கிலி கஸ்தூரிபாய்க்கென்றே கொடுக்கப்பட்டது. அன்றிரவு காந்திக்குத் தூக்கமில்லை. பொதுச் சேவைக்குக் கூலி வாங்கலாமா என்ற கேள்வி அவரை வாட்டியது. எல்லாவற்றையும் சமூகத்துக்கே திருப்பிக் கொடுத்து ஒரு நம்பிக்கை நிதியாக வைக்கத் தீர்மானித்து கடிதமும் எழுதிவிட்டார். அதன் பிறகுதான் மனைவியிடம் பேச வேண்டும் என்ற நினைப்பு. அதற்கும் முன்பு பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். சட்டத்தரணி அல்லவா!

கஸ்தூரிபாய் இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளையும் நீங்கள் ஆட்டுகிறபடி ஆட்டுவீர்கள், எனக்கு வரப்போகும் மருமக்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். மருமக்களுக்குத் தேவையென்றால் அப்போது தன்னிடம் கேட்கலாம் என்று காந்தி சொல்ல, என் நகைகளையே என்னிடமிருந்து கழற்றியவர் நீங்கள், மருமக்களுக்கு வாங்கிக் கொடுப்பீர்களாக்கும் என்று திருப்பிக் கேட்டார். என் சங்கிலியில் உங்களுக்கு என்ன உரிமை என்றும் கேட்டார்.

அந்தச் சங்கிலி உன் சேவைக்காகக் கொடுத்ததா, என் சேவைக்காகக் கொடுத்ததா என்று காந்தி கேட்டார். வாதத்தில் வென்றுவிட்டதாக நினைத்திருப்பார். அதற்குக் கஸ்தூரிபாய் சொன்ன பதிலின் சாரம் இது: உங்கள் சேவைக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்த சேவை நான் செய்ததும்தான். இரவும் பகலும் உங்களுக்காக உழைத்திருக்கிறேன். அது சேவையில்லையா? கண்டவர்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கட்டினீர்கள். அழுதழுது அவர்களுக்கு அடிமை வேலை பார்த்தேனே, அது எந்தக் கணக்கில்?

எழுத்துத் தெரியாத ஒரு பெண் 1901இல் கேட்ட கேள்வி இது. இன்றைக்குப் பொருளியல் பாடத்தில் ஊதியமற்ற வீட்டு உழைப்பு தேசிய வருமானத்தில் சேர்க்கப்படுவதில்லை என்று படிக்கிறோம். நான் அதை மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை வாசித்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

அந்தச் சொற்கள் தன்னைக் குத்தியதாகக் காந்தி எழுதுகிறார். ஆனாலும் எப்படியோ சம்மதத்தைப் பிடுங்கிக்கொண்டதாகவும், நகைகள் நிதிக்குப் போனதாகவும், பிற்காலத்தில் மனைவியும் அந்த முடிவு நல்லதென்று உணர்ந்ததாகவும் எழுதுகிறார். முடிவு நல்லதாகவே இருக்கலாம். பொதுப்பணத்தைத் தொடக்கூடாது என்று அஞ்சும் தலைவர்கள் இன்று எங்கள் பிராந்தியத்தில் எத்தனை பேர்? ஆனால் சங்கிலியைக் கொடுத்தது அவர் என்றால், தியாகம் செய்தவர் என்று கஸ்தூரிபாயைத்தானே எழுத வேண்டும். நிதி யார் பெயரில் பேசப்படுகிறது என்று பாருங்கள்.

இதை வாசித்த அதே மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது. என் வாப்பா எங்கள் ஊரில் பொது வேலைகளில் இருப்பவர். வெள்ளம் வந்தால் சமைத்த சாப்பாடு கொண்டுபோவது, ஜனாஸா வேலைகள், வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொப்பி புத்தகம் சேர்ப்பது என்று இருபது வருடங்களுக்கு மேலாக ஓடுகிறார். ஊர்ச் சங்கமொன்று அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. வாப்பா அதற்கு முழுத் தகுதியானவர்.

உம்மா அந்த மண்டபத்தில் இல்லை. கூட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்குப் பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். எட்டு சஹன் சோறு. சுபஹுக்கு முதலே எழும்பி, சாச்சியையும் பக்கத்து வீட்டு மாமியையும் சேர்த்துக்கொண்டு உம்மா அடுப்படியில் நின்றார். மண்டபத்தில் ஒரு பேச்சாளர், ஜனாபின் சேவைக்குப் பின்னால் அவரது துணைவியாரும் இருக்கிறார் என்றார். கைதட்டினார்கள். நான் சென்ற வருடம் வாங்கிய அதே கைதட்டல். துணைவியாரின் பெயரை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் அலுமாரியில் கிடக்கும் அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வாப்பாவின் பெயர், பக்கத்தில் "தம்பதியினர்".

நடுச்சாமத்தில் யாராவது கதவைத் தட்டினால் வாப்பா போய்த் திறப்பார். தேத்தண்ணீர்க் கேத்தலை அடுப்பில் வைப்பது உம்மா. இருபது வருடத் தேத்தண்ணீரை யாராவது எண்ணியிருக்கிறார்களா?

காந்தியும் கஸ்தூரிபாயும் 1927 நவம்பரில் எங்கள் நாட்டுக்கு வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரஸின் அழைப்பில் வந்து, கதர் நிதிக்காக ஊர் ஊராகப் போனார்கள். ஒரு கூட்டத்துக்குக் கஸ்தூரிபாய் வரவில்லை. அவரைக் காந்தியின் தாயார் என்று நினைத்து ஒருவர் பேசிவிட்டார். காந்தி அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். நீண்ட காலமாக அவர் எனக்குத் தாயாகவும் நண்பராகவும் தாதியாகவும் சமையற்காரியாகவும் பாத்திரம் கழுவுபவராகவும் இருக்கிறார் என்றார். காலையிலேயே அவரும் என்னோடு மரியாதைகளைப் பங்குபோட வந்திருந்தால் எனக்குச் சாப்பாடும் இருந்திருக்காது, உடுப்பைக் கவனிக்கவும் ஆளிருந்திருக்காது என்றார். அதனால் மரியாதையெல்லாம் எனக்கு, வேலையெல்லாம் அவருக்கு என்று இருவரும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டோம் என்று முடித்தார்.

சபை சிரித்திருக்கும். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. இரண்டாவது தரம் வாசித்தபோது, அந்த உடன்பாட்டில் மற்றவர் எப்போது கையொப்பம் வைத்தார் என்று யோசித்தேன். 26 வருடங்களுக்கு முன் இதே கணக்கை அவர் அழுதுகொண்டு கேட்டார். இலங்கையில் அது ஒரு பகிடியாகிவிட்டது. ஆனால் காந்திக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். எங்கள் மண்டபத்துப் பேச்சாளரைப் போல அவர் "பின்னால் இருக்கிறார்" என்று மழுப்பவில்லை. சமையல், தாதிவேலை, உடுப்பு என்று வேலைகளைப் பெயர் சொல்லி எண்ணினார். அந்தளவுக்காவது எண்ணத் தெரிந்தவர்.

அடுத்த சம்பவத்தில் எனக்கு அவர் மீது கோபம். 1929இல் யாரோ சிலர் கஸ்தூரிபாயிடம் கொடுத்த 4 ரூபாயை அவர் ஆச்சிரம அலுவலகத்தில் கொடுக்காமல் தன்னிடம் வைத்திருந்தார். காந்தி இதைத் தன் வெட்கமென்றும் துயரமென்றும் தன்னுடைய "நவஜீவன்" பத்திரிகையில் எழுதினார். ஊரே வாசிக்கும் பத்திரிகை. ஆச்சிரம விதி எல்லோருக்கும் ஒன்றுதான், மனைவிக்குச் சலுகையில்லை என்பது அவருடைய நியாயம். அதை மதிக்கிறேன். ஆனால் 60 வயதுப் பெண்ணொருவர் கையில் தனக்கென்று 4 ரூபாய் இல்லாத வாழ்க்கையை யார் தேர்ந்தெடுத்தது? அவருக்கு ஒரு பத்திரிகை இருந்திருந்தால் அடுத்த வாரம் என்ன எழுதியிருப்பார் என்று வாசிக்க எனக்கு ஆசை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, பாவம் கஸ்தூரிபாய், கணவரால் நசுக்கப்பட்டவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது என் மெழுகுவர்த்திப் பேச்சைவிட மோசமான பிழையாகும். 1913ஐப் பாருங்கள்.

அந்த வருடம் மார்ச் 14ஆம் திகதி தென்னாபிரிக்காவில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது. ஹஸன் ஈசாப் என்பவரின் மனைவி பாய் மரியம் கணவரிடம் வந்து சேர அனுமதி கேட்டார். இஸ்லாமிய முறைப்படி நடந்த அந்த நிக்காஹ்வை அந்நாட்டுச் சட்டம் ஏற்காது என்று தீர்ப்பானது. கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாகின. பாய் மரியத்தைப் போலவே கஸ்தூரிபாயும் அந்த மண்ணில் சட்டப்படி மனைவியில்லை. 13 வயதிலிருந்து செய்த அத்தனை வேலைக்கும் கிடைத்த ஒரே பதவி "மனைவி" என்பதுதான். அதையும் ஒரு நீதிபதி எடுத்துவிட்டார்.

பெண்களும் சிறை செல்ல வேண்டும் என்று காந்தி மற்றப் பெண்களிடம் பேசினார். தன் மனைவியிடம் கேட்கவில்லை. கணவன் கேட்டதற்காகத் தலையாட்டிவிட்டு நீதிமன்றத்தில் நடுங்கிவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம். பேச்சு காதில் விழுந்ததும் கஸ்தூரிபாயே கேட்டார்: இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சிறைக்குப் போக எனக்கு என்ன தகுதிக் குறைவு? நீங்களும் பிள்ளைகளும் தாங்கும்போது நான் ஏன் தாங்க மாட்டேன்? மன்னிப்புக் கேட்டு வெளியே வந்தால் என்னோடு உறவே வேண்டாம் என்றும் சொன்னார்.

செப்டெம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து 16 பேர் கொண்ட குழு எல்லையைத் தாண்டிக் கைதானது. அவர்களில் நால்வர் பெண்கள். கஸ்தூரிபாய்க்குக் கடூழியத்துடன் மூன்று மாதச் சிறை. அதே போராட்டத்தில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் பேசி வேலைநிறுத்தத்தை மூட்டினார்கள். அவர்களும் சிறை போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பெப்ரவரி 22இல் இறந்தது நாங்கள் பாடத்தில் படித்ததுதான். கஸ்தூரிபாய் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். இதைப் "பின்னால் நின்றார்" என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த வழக்கில் காந்திதான் பின்னால் வந்தவர்.

அதற்குப் பிறகும் அவர் தன் மனம் சொன்னபடிதான் நடந்தார். 1938இல், தாழ்த்தப்பட்டோரை அனுமதிக்காத பூரி கோயிலுக்குள் அவர் போய் வந்தபோது காந்தி மிகவும் நொந்துபோனார். அதுவும் அவருடைய பிழைதான், ஆனால் சொந்தப் பிழை. அடுத்த வருடம் ராஜ்கோட் போராட்டத்தில் 69 வயதில் காவலில் வைக்கப்பட்டார். 1942 ஓகஸ்ட் 9ஆம் திகதி காந்தியைக் கைது செய்துகொண்டு போனார்கள். அன்று மாலை பம்பாய்க் கூட்டத்தில் அவருக்குப் பதிலாக நான் பேசுவேன் என்று அறிவித்துவிட்டார் கஸ்தூரிபாய். அவரையும் கைது செய்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கணவரின் உணவுத் தட்டைக் கவனித்தவர் அவருடைய ஒலிவாங்கியின் முன் நிற்கவும் தயாராகவே இருந்திருக்கிறார்.

மகன்கள் விடயத்தில் அவர் பட்ட வேதனை தனிக் கட்டுரைக்குரியது. மூத்தவர் ஹரிலால் சட்டம் படிக்க ஆசைப்பட்டார். தகப்பன் இடம் கொடுக்கவில்லை. வீட்டை விட்டுப் போனவர் பிறகு சீராகத் திரும்பவேயில்லை. ஒருமுறை கட்னி புகையிரத நிலையத்தில் பெற்றோர் வந்த வண்டிக்கு அவர் கிழிந்த உடுப்போடு வந்து, ஒரே ஒரு தோடம்பழத்தைத் தாயின் கையில் கொடுத்து, இது உம்மாவுக்கு மட்டும்தான் என்றாராம். நீங்கள் இவ்வளவு பெரியவரானது இவரால்தான் என்று தகப்பனைப் பார்த்துச் சொன்னாராம். வாழ்க்கை வரலாறுகளில் பல இடங்களில் இந்தக் கதை வருகிறது. (உம்மா என்பது என் சொல். அவர்கள் அழைத்தது பா என்று.) கணக்கை அந்தக் கெட்டுப்போன பிள்ளை சரியாகப் பார்த்திருக்கிறான்.

பூனாவில் ஆகா கான் மாளிகைதான் கடைசிச் சிறை. அங்கே 70 வயதைத் தாண்டிய அந்த மனைவிக்குக் கணவர் பூகோளமும் வரலாறும் சொல்லிக்கொடுத்தார். பாடம் மனதில் நிற்கவில்லை. நிற்குமா? படிக்க வேண்டிய வயதில் வேறு வேலை இருந்ததே. 1944 பெப்ரவரி 22இல், வள்ளியம்மை இறந்து சரியாக 30 வருடங்களின் பின், காந்தியின் மடியில் அவர் உயிர் பிரிந்தது. அப்போதும் கைதிதான்.

பெற்றோர்கள் சிலர் இதை வாசித்துவிட்டு, குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கச் சொல்லித் தருகிறதா இந்தச் சஞ்சிகை என்று கேட்கலாம். என் சாச்சா கேட்டுவிட்டார். கஸ்தூரிபாய் கூலி கேட்கவில்லை. நீங்கள் செய்ததில் நானும் இருக்கிறேன் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார். 62 வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தவர், அவரை விட்டுப் போகாதவர் கேட்ட கேள்வி அது. அன்பில்லாதவர் கேட்டதல்ல. இன்னொரு மறுப்பும் உண்டு. இதையெல்லாம் எழுதியதே காந்திதானே, அவருடைய நேர்மையால்தானே உனக்குத் தெரிந்தது என்கிறார் எங்கள் ஆசிரியை. உண்மை. தன் பிழையை இப்படி எழுதிவைத்த வேறொரு தலைவரை எனக்குத் தெரியாது. அதற்காகவே அவரை முன்பைவிட அதிகம் மதிக்கிறேன். ஆனால் மனைவியின் வழக்கையும் கணவரே எழுதி, கணவரே தீர்ப்பும் எழுதிய புத்தகத்தை நாங்கள் கொஞ்சம் கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த வருடம் எங்கள் கல்லூரிப் பரிசளிப்பு விழா அழைப்பிதழிலாவது, "ஜனாப் தம்பதியினர்" என்பதற்குப் பதிலாகத் தாய்மாரின் பெயரையும் எழுதுவோம். பெயர் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. வகுப்பேட்டில் எல்லாப் பிள்ளையின் தாயின் பெயரும் பதியப்பட்டிருக்கிறது. ஒரு வரி அதிகமாக அச்சாகும், அவ்வளவுதான். விருந்தினர் சாப்பாட்டை மண்டபத்துக்கு வெளியே ஓடர் கொடுத்தால் சமைக்கிற தாய்மாரும் வந்து கதிரையில் அமரலாம்.

வாப்பா இதை வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இன்னும் காட்டவில்லை. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் குசினி வாசலில் இருந்து நெத்தலி துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கதை வந்த இடத்தில் தலை நிமிரவில்லை. சங்கிலி வந்த இடத்தில்தான் கை நின்றது.

"கடைசில சங்கிலியக் குடுத்துட்டாங்களா மகள்?"

"குடுத்துட்டாங்க உம்மா."

"விருப்பத்தோடயா?"

பிறகு நல்லதென்று விளங்கிக்கொண்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார் என்றேன்.

"அவர் எழுதினத விடுங்க. அவங்க என்ன சொன்னாங்க?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். உம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி நெத்தலியை எடுத்தார்.